மிருகக்காட்சிசாலை வேலைக்குப் போகணும்கிற மருமகனுக்கு

காரைக்குடியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். மகன் பிளஸ் டூ படிக்கிறானாம். நாய், பூனை, அணில், மயில் என்று எதைக் கண்டாலும் விடமாட்டானாம். மிருகக்காட்சிசாலையில் விலங்குகளைப் பார்த்துக்கொள்கிற வேலைக்குத்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறானாம். அங்கே அவர்கள் நிஜமாக என்னதான் செய்கிறார்கள், என்ன படிக்க வேண்டும், நம்ம ஊர்ப்பக்கம் அந்த மாதிரி ஏதாவது இருக்கிறதா என்பது கேள்வி. போகிற போக்கில் ‘வீட்டில் ஏற்கெனவே ஒரு நட்சத்திர ஆமை வளர்க்கிறான்’ என்றும் எழுதியிருக்கிறார். ஆமை விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன், ஆனால் வராமல் விடமாட்டேன்.

நான் ஒரு பூங்காவில் விலங்குப் பராமரிப்புப் பிரிவில் நெடுநாள் இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது தேவகோட்டைப் பக்கம் ஊரோடு இருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

பாசம் இருந்தால் நல்லதுதான், ஆனால் பாசத்தை வைத்துக்கொண்டு அங்கே ஒரு நாளை ஓட்ட முடியாது. விடிந்ததும் கீப்பர் செய்கிற முதல் வேலை எண்ணுவது. நேற்று இரவு எத்தனை உருப்படி உள்ளே போனதோ அத்தனையும் இருக்கிறதா, எல்லாம் நிற்கிறதா, எதுவாவது ஒதுங்கிப் படுத்திருக்கிறதா. அடுத்தது பூட்டு. வேலியில் விரிசல், மரக்கிளை முறிந்து வேலிமேல் சாய்ந்திருப்பது, மழையில் அகழிக்கரை சரிந்திருப்பது என்று சுற்றி வந்து பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் சாணி. இதைச் சொன்னால் பையன்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் வாய் திறந்து எதையும் சொல்லாத ஒரு உயிரின் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று தினமும் இலவசமாகக் கிடைக்கிற சேதி அது ஒன்றுதான். புள்ளிமான் புழுக்கை தனித்தனி உருண்டையாக, லேசான பளபளப்போடு கிடக்க வேண்டும். ஒட்டிக்கொண்டு களியாகக் கிடந்தால் தீவனத்தில் ஏதோ மாறியிருக்கிறது, இல்லை வயிற்றில் பூச்சி. எந்த மானுடையது என்று கண்டுபிடிக்க நின்று பார்க்கிற பொறுமை வேண்டும், ஏனென்றால் மந்தையில் அம்பது மான் இருந்தால் புழுக்கையில் பேர் எழுதியிருக்காது.

இரை விலங்குகளுக்கு ஒரு சுபாவம் உண்டு. நோயைக் கடைசிவரை மறைக்கும். காட்டில் நொண்டுகிறதைத்தானே சிறுத்தை முதலில் குறிவைக்கும், அதனால் மானும் கடமானும் வெளிமானும் முடிந்தவரை நன்றாக இருக்கிற மாதிரியே நடமாடும். நமக்குத் தெரிகிற அளவுக்கு விழுந்துவிட்டால் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். ஆகவே மருத்துவர் வருவதற்கு முன்னாலேயே கீப்பர் கண்ணில் பட்டாக வேண்டும்: அசைபோடவில்லை, ஒரு காது மட்டும் தொங்குகிறது, தழை போட்டதும் ஓடிவருகிற மான் இன்று கடைசியாக வருகிறது. இந்த மாதிரிச் சின்ன வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் சாதாரண நாளில் அது எப்படி இருக்கும் என்று மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். நான் பார்த்த நல்ல கீப்பர்கள் எல்லாருமே பேச்சு குறைவான ஆட்கள், வேலி ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நிற்கிற மாதிரி இருக்கும், வெளியிலிருந்து பார்க்கிறவனுக்குச் சோம்பேறி மாதிரிகூடத் தெரியும்.

தீவனம் போடுவதிலும் சூட்சுமம் இருக்கிறது. அகத்தி, வேலிமசால், கம்பு நேப்பியர் புல், கொஞ்சம் அடர்தீவனம், தாது உப்புக்கட்டி என்று பட்டியல் மருத்துவர் கொடுப்பார். அதை ஒரே இடத்தில் கொட்டிவிட்டு வந்தால் பெரிய கலைமான், அதாவது ஆண்மான், இரண்டு நின்று தின்னும், குட்டியும் கிழடும் பட்டினி கிடக்கும். ஆகவே பல இடத்தில் பிரித்துப் போட வேண்டும். நம்ம ஆட்களுக்கு ஒரு பழக்கம், கல்யாண வீட்டில் மிஞ்சின சோற்றை வாயில்லா ஜீவனுக்குப் போட்டால் புண்ணியம் என்று. ஒரேயடியாகச் சோறும் அரிசியும் தின்ற மானுக்கு வயிற்றில் அமிலம் ஏறி உப்பிச் செத்துப்போகும். பார்வையாளர் வீசுகிற பிளாஸ்டிக் பையும் அப்படித்தான், பிணக்கூறாய்வில் வயிற்றைத் திறந்தால் உருண்டையாக வெளியே வரும்.

மருமகனுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். பூங்காவில் கீப்பருக்குப் புலிமேல் இருக்கிற பயம் மான்மேல் இருப்பதில்லை, ஆபத்தே அங்கேதான். புலிக்கூண்டில் யாரும் உள்ளே போவதில்லை. கறியைக் காட்டிக் கூப்பிட்டு இரவுக்கூண்டுக்குள் வரவைத்து, நடுக்கதவை இறக்கி, பூட்டி, எத்தனை புலி உள்ளே இருக்கிறது என்று எண்ணி, கூட இருக்கிறவனையும் எண்ணச் சொல்லி, அப்புறம்தான் வெளி அடைப்பைக் கழுவப் போவார்கள். விபத்து நடந்த இடங்களில் விசாரித்தால் பெரும்பாலும் கதவுதான் காரணமாக இருக்கும், பல வருஷம் போட்ட பூட்டு என்ற தைரியத்தில் ஒரு நாள் இழுத்துப் பார்க்காமல் விட்டிருப்பார்கள். மான் விஷயம் வேறு. கொம்பு முற்றி, தோல் உரிந்து, இணைசேரும் பருவத்தில் இருக்கிற கலைமான், அதுவும் புட்டியில் பால் குடித்து மனிதக் கையில் வளர்ந்த மான் என்றால், ஆளைக் கண்டு ஒதுங்காது. உங்களை இன்னொரு கலைமானாக எண்ணிக் குத்த வரும். வெட்கப்படுகிற காட்டு மான் ஓடிவிடும், செல்லமாக வளர்ந்த மான்தான் தொடையைக் கிழிக்கும். கொஞ்சி வளர்ப்பதை நாங்கள் ஏன் திட்டுகிறோம் என்றால் இதனால்தான். அந்தக் கொம்பு வருஷா வருஷம் விழுந்து முளைக்கும், விழுந்ததை எடுத்து நிறுத்துக் கணக்கில் ஏற்ற வேண்டும், வீட்டுக்குக் கொண்டுபோனால் வேலையும் போகும், வழக்கும் வரும்.

மானைத் துரத்திப் பிடிப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது நம்ம பக்கம் கோடையில் நடக்கிற சங்கதி. தண்ணீர் தேடிக் கண்மாய்ப் பக்கம் வருகிற புள்ளிமானைத் தெருநாய் விரட்டும், அது கிணற்றில் விழும், இளவட்டங்கள் பத்துப் பேர் இறங்கி கயிறு போட்டுத் தூக்கி, போட்டோ எடுத்து, தண்ணீர் காட்டி, தலையைத் தடவிக் கொடுப்பார்கள். மான் நடுங்கிக்கொண்டு நிற்கும், நன்றாக இருக்கிறது என்று நினைப்போம். இரண்டொரு நாளில் செத்துப்போகும். பயத்திலும் ஓட்டத்திலும் தசை சிதைந்து அந்தக் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுத்துவிடுகிறது. அனுபவமுள்ள ஆட்கள் மானைப் பிடித்தவுடன் கண்ணைத் துணியால் கட்டிவிடுவார்கள், பேச்சு சத்தம் இருக்காது, ஆள் கூட்டம் இருக்காது, சீக்கிரம் முடித்து நிழலில் விட்டுவிடுவார்கள். இரக்கம் என்றால் இங்கே தடவாமல் இருப்பதுதான்.

நோய் விஷயத்தில் இரண்டு பக்கமும் பாயும். காசநோய் நம்மிடமிருந்து குரங்குக்குப் போகும், அதனிடமிருந்து நமக்கும் வரும். கூண்டு வாசலில் கிருமிநாசினித் தொட்டியில் காலை நனைத்துத்தான் உள்ளே போகணும் என்பது சடங்குக்காக வைத்தது இல்லை. 2021 ஜூனில் வண்டலூரில் சிங்கங்களுக்கே கொரோனா வந்து, நீலா என்ற பெண் சிங்கமும் பத்மநாதன் என்ற ஆண் சிங்கமும் இறந்துபோனதைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள்.

விடுமுறை கிடையாதா என்றால், கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வண்டலூருக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை, அது பார்வையாளருக்கு. விலங்குக்குப் பசி செவ்வாயும் இருக்கும். காணும் பொங்கல் அன்றுதான் கூட்டம் அலைமோதும், அன்றைக்கு லீவு கேட்டால் சிரிப்பார்கள். ஊரே சிராவயல் மஞ்சுவிரட்டுக்குத் திரண்டிருக்கும்போது அவன் அங்கே ‘அண்ணே, கல் எறியாதீங்க’ என்று தொண்டை வறளக் கத்திக்கொண்டிருப்பான். இதற்கு மனசு ஒத்துக்கொண்டால் மேலே படிக்கலாம்.

படிப்பு, வேலை பற்றிச் சுருக்கமாக. மிருகக்காட்சிசாலைகளுக்கென்று மத்திய அரசின் ஆணையம் ஒன்று 1992 முதல் இருக்கிறது, அதன் அங்கீகாரம் இல்லாமல் நடத்த முடியாது, எந்த விலங்குக்கு எவ்வளவு இடம், மருத்துவர் யார், பதிவேடு எப்படி என்றெல்லாம் அவர்கள் விதி. தமிழ்நாட்டில் பெரியது வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா. 1855-இல் சென்னைப் பட்டணத்தில் ஆரம்பித்த பழைய காட்சிசாலைதான் 1985-இல் வண்டலூரில் திறக்கப்பட்டது. சேலம் குரும்பப்பட்டி, வேலூர் அமிர்தி, கிண்டி சிறுவர் பூங்கா என்று சிறியவையும் இருக்கின்றன. கீப்பர் வேலைக்குப் பலர் தினக்கூலியாகவோ ஒப்பந்தத்திலோ நுழைந்து, நிரந்தரமாக வருஷக்கணக்கில் காத்திருந்தவர்கள். அதைத் தெரிந்துகொண்டே போகட்டும். அதைவிட, வனக்காப்பாளர் தேர்வு எழுதுவது நல்லது. பிளஸ் டூவில் அறிவியல் பாடம் இருந்தால் போதும், இப்போது அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4-லேயே அந்தப் பணியையும் சேர்த்துவிட்டார்கள். மதிப்பெண் நன்றாக வந்தால் கால்நடை மருத்துவம் பார்க்கலாம், ஐந்தரை வருஷம், நமக்குக் கிட்டத்தில் ஒரத்தநாட்டில் கல்லூரி இருக்கிறது. படிப்பில் ஆர்வம் உள்ளவன் என்றால் விலங்கியல் படித்துவிட்டு மயிலாடுதுறைப் பக்கம் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் காட்டுயிர் உயிரியல் முதுகலை படிக்கலாம். என் கருத்தைக் கேட்டால் மருத்துவப் படிப்பைவிடக் கடைசியாகச் சொன்னதுதான் அவனுக்குப் பொருந்தும் போலிருக்கிறது, ஆனால் பெற்றவர்கள் சம்பளத்தையும் யோசிப்பீர்கள், அது நியாயம்.

சரி, நம்ம ஊர்ப்பக்கம். செட்டிநாட்டில் பெரிய மிருகக்காட்சிசாலை கிடையாது. ஆனால் திருப்பத்தூர் தாண்டி மதுரை போகிற சாலையில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறதே, அங்கே மருமகனைக் கூட்டிப்போயிருக்கிறீர்களா? பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி என்று மூன்று கண்மாய், மொத்தம் 38.4 ஹெக்டேர், 1977-இல் சரணாலயமாக அறிவித்தார்கள். வடகிழக்குப் பருவமழை பெய்து கண்மாய் நிறைந்தால் கருவேல மரமெல்லாம் கூடாகிவிடும். நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், சாம்பல் நாரை, பாம்புத்தாரா, நீர்க்காகம், இராக்கொக்கு என்று வந்து குடும்பம் நடத்தும். நத்தைகுத்திக்கு அலகு நடுவே இடைவெளி இருக்கும், பார்த்திருப்பீர்கள், குஞ்சுக்கு அந்த இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் வரும். இதைத் தொலைநோக்கி வைத்து மருமகன் தானே கண்டுபிடிக்கட்டும், நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

அங்கே சீருடை போட்ட ஆட்கள் வெகு சிலர். காவல் காப்பது ஊர். தீபாவளிக்கு அந்தக் கிராமங்களில் வெடி கிடையாது, கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும்கூட வெடி கிடையாது. கூட்டிலிருந்து பறவை மிரண்டு எழும்பினால் முட்டை உருளும், குஞ்சு கீழே விழும், அந்த நேரத்தில் காகம் வந்து தூக்கிவிடும், அவ்வளவுதான் காரணம். வனத்துறைக்காரர்கள் தீபாவளிக்கு இனிப்பு வாங்கிக்கொண்டு போய் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. ஆறு வயசுப் பையன் பக்கத்து ஊர் வெடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கையில் மத்தாப்போடு மட்டும் நிற்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. நான் பூங்காவில் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்த காவலைவிட அது பெரிய காவல் என்று எனக்குத் தோன்றும்.

அப்புறம் நம்ம வீடுகள். செட்டிநாட்டு வீடுகள் பாதி பூட்டிக் கிடக்கின்றன, பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள், கல்யாணத்துக்கோ படைப்புக்கோ திறந்தால் மச்சில் கூகை என்கிற ஆந்தை குடியிருக்கும், ஓட்டுக்கடியில் மரநாய் குட்டி போட்டிருக்கும். ‘சாவுக்குருவி, உடனே விரட்டு’ என்று ஆள் தேடுவார்கள். என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: குஞ்சு இருந்தால் இரண்டு மாதம் பொறுங்கள், பறந்துவிடும், அதற்குள் உங்கள் வளவில் எலி பாதியாகக் குறைந்திருக்கும். கூகைக் குஞ்சுகள் ஒன்று பெரிசாகவும் ஒன்று சிறிசாகவும் இருக்கும், முதல் முட்டை இட்டதுமே அடைகாக்க ஆரம்பித்துவிடுவதால் ஒன்றன்பின் ஒன்றாகப் பொரிக்கும். அதைப் பார்த்துவிட்டு ‘இது நோஞ்சான், நாம எடுத்து வளர்ப்போம்’ என்று யாராவது தூக்கிவந்து பாலும் ரொட்டியும் கொடுப்பார்கள். கறி தின்கிற பறவைக்குப் பால் எதற்கு? கீழே விழுந்த குஞ்சைத் திரும்ப மேலே வைத்தால் போதும். மனுஷன் கைபட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் பேச்சு, தாராளமாகச் சேர்க்கும்.

மயில் குஞ்சும் அதே கதைதான். குன்றக்குடிப் பக்கம் மயிலுக்குப் பஞ்சமில்லை, வயலில் முட்டை கிடைத்தால் கோழிக்கு அடைவைத்துப் பொரிக்கவைக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அது சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். கோழியோடும் மனிதரோடும் வளர்ந்த மயில் நாயைக் கண்டால் ஓடாது, அதுதான் அதன் எமன். ஏதோ காரணத்தால் ஒரு குஞ்சு பராமரிப்புக்கு வந்துவிட்டால் எங்கள் கீப்பர்கள் கறையான் புற்றைத் தேடிப்போய் ஈரச் சாக்குப் போட்டு, பானையைக் கவிழ்த்துக் கறையான் பிடித்து வருவார்கள், கோழிக்குஞ்சுக்கு நம்ம ஆத்தாக்கள் செய்கிற அதே வேலை. விலையுயர்ந்த தீவனம் எதுவும் அதற்கு ஈடில்லை. கொடுக்கும்போதும் முகத்தைக் காட்டாமல், பேசாமல் வைத்துவிட்டு வந்துவிடுவார்கள். வெள்ளாமைக்காரர் மயிலைத் திட்டுவதும் எனக்குத் தெரியும், நிலக்கடலையைக் கிளறிவிட்டால் அவர் யாரிடம் போவார்? அதற்கு ஒழுங்கான இழப்பீடு இல்லாமல் மயிலைக் காப்பாற்று என்று மட்டும் அவருக்குப் பாடம் நடத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

யானையைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் செட்டிநாட்டில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. குன்றக்குடிக் கோயில் யானை சுப்புலட்சுமி 2024 செப்டம்பரில் கொட்டகை தீப்பிடித்துக் காயப்பட்டு இறந்தது. சின்னப் பிள்ளையிலிருந்து அதன் தும்பிக்கையில் ஆசி வாங்கின கூட்டம் அத்தனையும் அழுதது. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. கட்டிவைத்திருக்கிற விலங்கு ஓட முடியாது, ஆகவே அதன் கூரை, மின்கம்பி, சங்கிலி, தப்பிக்கிற வழி எல்லாமே பராமரிக்கிறவர் தினமும் பார்க்க வேண்டிய வேலை. மருமகன் எந்தப் பூங்காவுக்குப் போனாலும் முதல் நாள் விலங்கைப் பார்ப்பதற்கு முன்னால் கூரையைப் பார்க்கட்டும்.

இப்போது ஆமை. நட்சத்திர ஆமை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது, வீட்டில் வைத்திருப்பது குற்றம், சிறைகூட உண்டு. ‘அதிர்ஷ்டம் வரும்’ என்று விற்கிறார்கள், வெளிநாட்டுக்குக் கடத்துகிறார்கள், அதனால்தான் 2019-இல் உலக வணிகத் தடைப் பட்டியலில் ஆக மேலே கொண்டுபோய் வைத்தார்கள். சட்டத்தை விடுங்கள், ஆமையின் ஓட்டைக் கவனித்துப் பாருங்கள். ஒவ்வொரு கட்டமும் கூம்பு கூம்பாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறதா? அந்தச் சாதிக்குக் கொஞ்சம் மேடு இயல்புதான், ஆனால் அளவுக்கு மீறிக் கோபுரம் கோபுரமாக இருந்தால் சோறும் பருப்பும் தின்று, வெயில் படாமல் வளர்ந்தது என்று அர்த்தம். புல்லும் பூவும் கள்ளிப்பழமும் மேய்ந்து வெயிலில் காய்கிற பிராணி அது.

மருமகன் அழுவான், பரவாயில்லை. பக்கத்து வனச்சரக அலுவலகத்துக்கு நீங்களும் அவனும் சேர்ந்தே கொண்டுபோய் ஒப்படையுங்கள். காட்டில் கொண்டுபோய் நீங்களாக விட்டுவிட வேண்டாம், வீட்டில் வளர்ந்தது நோயைக் கொண்டுபோகலாம், எங்கே விடுவது என்று அவர்கள் முடிவுசெய்யட்டும். போவதற்கு முன்னால் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள்: எப்போது எங்கே கிடைத்தது, என்ன தின்றது, எடை எவ்வளவு, எப்போதாவது மூக்கில் நீர் வடிந்ததா. வாங்கிக்கொள்கிறவருக்கு அந்தக் காகிதம் பயன்படும். எழுத உட்கார்ந்து அவனுக்கு எதுவும் ஞாபகம் வரவில்லை என்றால் இத்தனை நாள் அவன் ஆமையைக் கொஞ்சியிருக்கிறான், பார்க்கவில்லை. அதே நோட்டை மார்கழியில் வேட்டங்குடிக்கு எடுத்துக்கொண்டு போகட்டும். ஒரே ஒரு கூட்டை மட்டும் தேர்ந்தெடுத்து, வாரம் ஒரு தடவை, தாய் எத்தனை முறை இரை கொண்டுவருகிறது, எத்தனை குஞ்சு, எது பெரிசு என்று எழுதட்டும். தை கடைசி வரை விடாமல் எழுதினான் என்றால் மேற்கொண்டு என்ன படிக்கலாம் என்று அவனையே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.